மில்லுக்கு ஒரு கைநாட்டு தேவை

கோவிந்தம்மாள் சாக்பீஸைக் கையில் வாங்கினாள். மில்லே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

எழுதத் தெரியாதவள் மாதிரி நடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

ஒலக்கூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் அது. அங்கே பறக்கிற தூசிக்கு நான் ஒரு தும்மல் போட்டால் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நின்றுவிடும். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவன் சொல்கிறேன், நம்பலாம்.

நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவர்களுக்கு மூன்று மணிக்கு அரை மணி நேரம் எழுத்து வகுப்பு. கூலி பிடிக்கமாட்டார்கள். உட்காரலாம். ஃபேன் உண்டு. வாத்தியார் நான்.

பழைய முதலாளி சாகும்போது மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார்: மில்லில் ஒரே ஒரு கைநாட்டு மிச்சம் இருந்தாலும் வகுப்பு நிற்கக் கூடாது.

மகன் வல்லரசு தங்கமான பிள்ளை. அப்பா பேச்சைத் தட்டமாட்டார். ஆனால் அந்த அரை மணியில் எத்தனை மூட்டை உடைக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் இன்று பரீட்சை. எல்லாரும் பெயர் எழுதிவிட்டால் நாளைக்கு வகுப்பு இல்லை.

ஆக, ஒருத்தர் கைநாட்டாகவே இருந்தாக வேண்டும்.

"கடைசியா சேந்தது நான்தானே. நானே இருந்துட்டுப் போறேன்" என்று கோவிந்தம்மாள்தான் முன்வந்தாள்.

"கோ போட்டுட்டு முழிச்சிக்கினு நில்லு, போதும். முழிக்கிறதுக்கு ஒனக்குச் சொல்லித்தரணுமா?" என்றாள் சின்னபொண்ணு.

மற்றவர்கள் வெளுத்து வாங்கினார்கள். சின்னபொண்ணு எழுதிய எழுத்துக்குப் பலகை போதாமல் சுவரைத் தேட வேண்டியிருந்தது. மூட்டை தூக்கும் விருத்தாசலம் எழுதி முடித்ததும், பழக்கதோஷம், இல்லாத மையைக் கட்டைவிரலிலிருந்து தலைமுடியில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயருக்கும் வல்லரசு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். அவரும் ஆட்டுவார்.

இப்போது அவள்.

கோ.

கை நின்றது. சின்னபொண்ணு கண்ணாலேயே 'வந்துடு' என்றாள்.

கோவிந்தம்மாள் திரும்பவில்லை.

இத்தனை வயசுக்கு அந்தப் பெயரை மற்றவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், நூறு நாள் வேலையில். பத்துப் பேர் பார்க்க அவளே எழுத இப்படி ஒரு பலகை இனி எப்போது கிடைக்கும்?

வி.

ந்.

"போச்சுடா" என்றார் விருத்தாசலம், வாய்க்குள்ளேயே.

மிச்சமும் வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிப் புள்ளியை அவள் வைத்த சத்தம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

எல்லாரும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள், ஊருக்குக் கிளம்புகிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல.

கோவிந்தம்மாள் தன் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வல்லரசு என்னைப் பார்த்தார்.

நான் உதட்டைப் பிதுக்கினேன். "கோ மட்டும்தான் தேறுது தம்பி. மத்ததெல்லாம் சும்மா கோடு."

பாண்டிச்சேரியில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்துப் படித்த பிள்ளை அவர். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தும் பார்த்தார்.

"பரவால்லம்மா, போகப்போக வந்துடும். அழிச்சிட்டு உக்காருங்க."

கோவிந்தம்மாள் உட்கார்ந்தாள். அழிக்கவில்லை.