ஐந்து மில்லி ஆழம்

அவளால் உட்கார முடியவில்லை.

டயர் கடையில் அவளுடைய சிவப்புக் கார் சக்கரங்கள் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அதைச் சுற்றி ஒரு நடை. வாசல்வரை ஒரு நடை. மறுபடியும் கார்.

"கொஞ்சம் உக்காரேன், சுகி."

தயாளன். அவள் கணவன். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். இடது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

பதினெட்டு நாளாயிற்று. கோத்தகிரி இறக்கம். மழை. ஒரு வளைவில் கார் வழுக்கி, இடப்பக்கமாகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் அவன். தோளருகே காறை எலும்பு முறிந்தது.

ஓட்டியவள் சுகிர்தா. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"டயர் தேஞ்சிருந்திச்சு," என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். டாக்டரிடம், அலுவலக நண்பர்களிடம், அவன் அம்மாவிடம்.

அவள் மறுக்கவில்லை. முதல் முறை மறுக்காமல் விட்டாள். அப்புறம் எப்போது மறுப்பதென்று தெரியவில்லை.

சின்னக் கார்தான். ஆனால் மிதித்தால் பாயும். பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் கழித்து, யாரையும் கேட்காமல் அவள் வாங்கிய ஒரே பொருள்.

கடைக்காரர் ராயப்பன் இரண்டு புது டயர்களை உருட்டி வந்து அவள் முன் நிறுத்தினார்.

"இது மெது ரப்பருங்க. காஞ்ச ரோட்டுல, வளைவுல சும்மா கவ்விப் பிடிக்கும். சீக்கிரம் தேஞ்சிரும். இது மழைக்குங்க. தண்ணிய வெளிய தள்ளிரும், ரொம்ப நாளைக்கு வரும். ஆனா வண்டி கொஞ்சம் மந்தமாத் தெரியும்."

முதல் டயரின் மேல் அவள் கட்டைவிரலை அழுத்தினாள். ரப்பர் லேசாக உள்வாங்கி மீண்டது.

இப்போதும் அதுதான் வேண்டும்போல் இருந்தது.

சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

ராயப்பன் அதற்குள் பழைய டயர்களின் அருகே குந்தியிருந்தார். ஆழம் பார்க்கும் சின்னக் கருவியை ஒவ்வொன்றின் பள்ளத்திலும் செருகிப் பார்த்தார்.

"நாலும் மாத்தணும்னு யாருங்க சொன்னாங்க? இன்னும் அஞ்சு மில்லி ஆழம் இருக்குதுங்களே. ரெண்டு வருசம் ஓடுமுங்க."

"ஒண்ணு வெடிச்சிருக்கில்லைங்க," என்றான் தயாளன்.

ராயப்பன் கிழிந்த டயரைத் திருப்பினார். பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு.

"இது இடிச்சதுனால கிழிஞ்சிருக்குங்க. கிழிஞ்சதுனால இடிக்கலைங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெளியே ஒரு பேருந்து நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தயாளன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

"சரிங்க, நாலுமே மாத்திக்கலாம்," என்றார் ராயப்பன். "நீங்க எப்பிடி ஓட்டுவீங்க மேடம்? பொறுமையாங்களா, வேகமாங்களா? அதச் சொன்னாத்தான் நான் டயரு சொல்ல முடியும்."

"பொறுமையாத்தாங்க ஓட்டுவாங்க," என்றான் தயாளன்.

அவளுக்குக் காது சுட்டது.

"இல்லைங்க," என்றாள். "வேகமாத்தான் ஓட்டுவேன். அன்னிக்கும் வேகமாத்தான் வந்தேன். டயர் மேல தப்பில்ல."

சொன்னபிறகுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் கோபப்படவில்லை. தலை குனிந்திருந்தான்.

"தெரியும். எழுபத்திரண்டு. நான் மீட்டரைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் டயருன்னு..."

"அந்த வளைவுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொன்னனே. உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. கார்க் கூரைமேல் அன்று மழை அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

"'இன்னும் மிதி, சுகி'ன்னு சொன்னேன். சிரிச்சிட்டே சொன்னேன். நீ அதக் கேட்டுத்தான் மிதிச்சேன்னு நெனச்சேன். டயருன்னு சொல்லிட்டா ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்னு..."



அவள் முதன்முறையாக அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம். பிறகு எழுந்து ராயப்பனிடம் போனாள்.

"மழைக்கானதே போட்டுருங்க."

"நாலுமேங்களா?"

"நாலும்."

ஒரு மணி நேரம் ஆனது. கார் தரைக்கு இறங்கியது.

"மொத இருநூறு கிலோமீட்டருக்கு மெதுவாப் போங்க. புது டயரு, மேல வழவழன்னு இருக்கும். உடனே பிடிக்காது," என்றார் ராயப்பன்.

மேட்டுப்பாளையம் சாலையில் நாற்பதில் போனாள். ஸ்டியரிங் கனமாக இருந்தது. ஒரு மொபெட், பின்னால் கீரைக்கட்டுகளோடு, அவர்களைத் தாண்டிப் போனது. அவள் வலது கால் துடித்தது. மிதிக்கவில்லை.

தயாளனின் அம்மா அழைத்தார். ஒற்றைக் கையால் அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாத்தியாச்சா கண்ணு?"

"மாத்தியாச்சும்மா."

"அந்தப் பாழாப்போன டயர வீட்டுக்குக் கொண்டாராதீங்க. எம் புள்ளையோட தோளையே முறிச்சுப் போட்டுச்சு. வண்டி ஓட்டுன அந்தப் புள்ள பாவம், எப்பிடிப் பயந்துச்சோ."

சுகிர்தா இண்டிகேட்டரைப் போட்டாள். மெல்ல ஓரம் ஒதுங்கி வண்டியை நிறுத்தினாள்.

"அத்தை," என்றாள்.

"அம்மா," என்றான் அவனும் அதே நொடியில்.

இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுனா நான் எதைக் கேக்கறது?" என்றார் அத்தை. "யாராச்சும் ஒருத்தரு மொதல்ல சொல்லுங்க."