தண்ணீர்த் தொட்டி வளைவு

நாய்க்குட்டியின் வாயைத் துடைத்த துணியை அலசிப் பிழிந்து, அவர் தன் காலடியில் இருந்த பிரேக்கின் மேல் காயப் போட்டார்.

டிரைவிங் ஸ்கூல் கார் அது. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால், சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்கு.

“தினமும் அதுலயே போடுறீங்களே, ஒரு அவசரம்னா எப்படி மிதிப்பீங்க?” என்றாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் மனைவி.

“அதுக்கு வேற வேலை இல்ல. துணியாவது காயட்டும்.”

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

நாற்பது நாளாயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் நடந்து வந்தவள் மாதிரி கால் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். காரை விற்றுவிட்டு, நாயை யாருக்காவது கொடுத்துவிட்டு, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக.

“ஒரு ஊசி போடணும்னாகூட அதைத் தூக்கிட்டுப் போக உனக்கு ஆள் வேணும்மா” என்றாள் மகள், போனில்.

ஊசிக்கு நாள் இன்றைக்குத்தான். வாடகைக் கார்க்காரரைக் கூப்பிட்டாள்.

“அந்த வாந்திக் குட்டியா? ஆளை விடுங்கக்கா!”

அவள் போனை வைத்தாள். ஆணியில் தொங்கிய சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்தாள்.

குட்டியின் பெயர் பொட்டலம். செய்தித்தாளில் சுற்றி யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனது. அதைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக் கட்டினாள். எல் போர்டு இன்னும் முன்னால் ஒட்டியிருந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கட்டியவளுக்கு மட்டும் முடியவில்லை. லைசென்ஸ் எடுத்த மறுவாரமே அவள் ஒரு கம்பத்தில் இடித்தாள். அவர் கத்தினார். சாவியை அவர் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தவள், இருபத்தாறு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வண்டியில் வாந்தி எடுக்கும் பொட்டலத்தைப் பழக்கத்தான் மறுபடி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

“நான் ஓட்டினா குட்டியை யார் பிடிக்கிறது? உன் மடியில நிக்க மாட்டேங்குதே” என்றார் அவர்.

முதலில் இன்ஜினை அணைத்து வைத்து, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இன்ஜினைப் போட்டுவிட்டு. பிறகு கேட் வரை. பிறகு தெருமுனை வரை. அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி வளைவு. அங்கே போனதும் பொட்டலம் தவறாமல் கக்கிவிடும்.

“குட்டி ஃபெயில். நாளைக்கு மறுபடியும்.”

“வாத்தியார் சரியில்ல, குட்டி என்ன பண்ணும்?”

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் புரியவே இல்லை. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே எதுவும் கொடுக்கக்கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். இருபது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் அவள். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான். அப்படியும் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து ஏறினால், அவர் மடியில் அது தயாராக உட்கார்ந்திருக்கும். வளைவில் தயாராகக் கக்கும்.

இன்றும் காலையிலிருந்து அதற்கு எதுவும் தரவில்லை.

கேட். தெருமுனை. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் இந்தத் தெருவைத் தாண்டியதே இல்லை.

வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்து, ஒரு கண்ணைப் பொட்டலத்தின் மேல் வைத்துத் திருப்பினாள்.

அது கக்கவில்லை.

வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள். பொட்டலம் டாஷ்போர்டு பெட்டியை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. முன்பும் இப்படித்தான், வண்டியில் ஏறியதும் முட்ட ஆரம்பிக்கும். “பயம். ஒளிய இடம் தேடுது” என்பார் அவர்.

இப்போது வாலை ஆட்டியது. பயந்த நாய் வாலை ஆட்டுமா?

பெட்டியைத் திறந்தாள்.

பிஸ்கட் பாக்கெட். முக்கால்வாசி தீர்ந்து, வாயில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

குட்டிக்கு ரெண்டு ஊட்டிவிட, அவள் வீட்டைப் பூட்டும் நேரம் போதும் அவருக்கு.

“அடப்பாவி மனுஷா” என்றாள். குட்டி தேறிவிட்டால் இவள் வண்டியை விட்டு இறங்கிவிடுவாள் என்று தெரிந்து வைத்திருக்கிறார். சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

பாக்கெட்டுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி.

அதை அவள் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. இருபது வருஷம் கடையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த மாத்திரை. எந்த மாதிரி நெஞ்சுவலிக்குக் கொடுப்பார்கள் என்று தெரியும். அவள் வேலை பார்த்த கடையில் வாங்கியதல்ல. பின்பக்கம் இருந்த முத்திரை, ஊரின் மறுகோடியில் இருக்கும் கடையுடையது.

பின்னால் வந்த வண்டி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். பொட்டலம் அவள் கையை நக்கியது.

“ஊசி போட்டுட்டு வந்து தரேன். ஒண்ணுதான்.”

கண்ணாடி பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். கிளம்பும் முன், பழக்கதோஷத்தில், அவர் கால் இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

பிரேக்கின் மேல் துணி, அவர் போட்ட மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடந்தது.