பொறுப்பேற்பவர் கையொப்பம்

“இந்தச் சிவப்புக் கட்டத்துல கையை வெச்சீங்க, நாப்பது ஆஸ்பத்திரிக்கும் இன்சுலின் போகாது. பாத்துக்கங்க சார்!”

எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு மருந்து என்று வாராவாரம் கம்ப்யூட்டரில் பட்டியல் போடும் வெளி ஆலோசகர் அவள். எதிரே நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரை, “நம்ம ஆபீஸ்லயே கெட்டிக்காரர், எட்டு வருஷ அனுபவம்” என்று சொல்லி மூன்றாம் மாடியிலிருந்து அனுப்பியிருந்தார் அதிகாரி.

செலவைக் குறைக்கப் புது உத்தரவு. வெளி ஆலோசகர்கள் எல்லோருக்கும் இன்றோடு சீட்டுக் கிழிந்தது. போகும் முன் துறையில் ஒருவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

“மழை பெஞ்சா மலைப்பாதை அடைச்சுக்கும். மேல இருக்கிற ஆறு ஆஸ்பத்திரிக்கு என்ன பண்ணுவீங்க?”

“பத்து நாள் முன்னாடியே அனுப்பிடணும். கம்ப்யூட்டர் சொல்லாது, நாமதான் கையால மாத்தணும்.”

“அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க! அதுல ஒண்ணுலதான் என் தம்பி பொண்ணுக்கு ஊசி வாங்கறாங்க. ஏழு வயசு. ஒரு நாள் தவறினாலும் தாங்க மாட்டா.”

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஐந்து மணி. ஊழியர்கள் வருகைப் பதிவுக் கருவியில் கைரேகை வைக்க வாசலில் வரிசைகட்டினார்கள். அவர் அசையவில்லை.

“நீங்க ரேகை வைக்கப் போகலையா?”

“இருக்கட்டும் மேடம். இந்தக் கடைசிப் பக்கம் இன்னும் பிடிபடல.”

இப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நம்மை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

ஒருவழியாகப் பாடம் முடிந்ததும் படிவத்தை நீட்டினாள். ‘பொறுப்பேற்பவர்’ என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டார். கீழே ‘ஊழியர் எண்’ காலியாகவே இருந்தது.

“நம்பர் விட்டுப்போச்சே சார்?”

“அது எனக்குக் கிடையாதுங்க.”

“என்னது! திங்கக்கிழமை பட்டியல் நீங்கதானே அனுப்பணும்?”

அவர் பேனாவை மூடினார். “அதிகாரிகிட்ட காலையிலயே சொன்னேன் மேடம். ‘நாலு வருஷமா காலியிடம் நிரப்பல, உக்கார வைக்க வேற ஆளு இல்ல. நீ முதல்ல கத்துக்கோ, அப்புறம் பாப்போம்’னுட்டாரு.”

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“நானும் வெளியாள்தான், எனக்கும் இன்னியோட சரின்னு.”