ராஜாவின் முதுகு

அருங்காட்சியகச் சுவரோரம் எகிப்து ராஜா ஒருவரின் உடைந்த கற்சிலை இருந்தது. தலையும் கால்களும் போய், மார்பும் முதுகும்தான் மிச்சம். அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

“ராணியையும் என்னையும் ஒரே கல்லுலதான் செதுக்கினாங்க,” என்றார் ராஜா ஒருநாள். “பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. ராஜான்னா நேராத்தான் பார்க்கணுமாம். அவ பக்கம் ஒருதரம்கூடத் திரும்பினதில்லை. கல் உடைஞ்சப்போ அவளும் போயிட்டா. மூவாயிரம் வருஷமா தனியாத்தான் இருக்கேன்.”

பல்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. “வர்றவங்க எல்லாம் முன்னாடி நின்னு பார்த்துட்டுப் போயிடறாங்க. அதான் யாரும் சொல்லலை போல.”

“என்னத்தை?”

“உங்க முதுகுல அவங்க கை இருக்கு, ராஜா. நான் தினமும் அதுமேலதான் தூங்கறேன். மணிக்கட்டோட ஒடிஞ்சிருக்கு. ஆனா, உங்களை விடலை.”