கையை இறக்காதீங்க!

“யாரும் கையை இறக்காதீங்க!” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அப்பா. அவரும் அம்மாவும், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த மாமாவும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

எதிரே லேப்டாப்பில் தெரபிஸ்ட் மேடமும் தூக்கிய கையோடு அப்படியே இருந்தார். கண்கூட இமைக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து அப்பாவுக்கு மெய்சிலிர்த்தது.

எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சிட்டுக்காக. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம்; இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியே கிடக்கும். நேரில் போய்வர ஒரு முழு நாள் பயணம் என்பதால், வாரம் மூன்று நாள் திரை வழியாகத்தான் பயிற்சி.

இடது கைக்கு வேலை கொடுக்க, அந்த ஒரு மணி நேரமும் வலது கைக்குத் தடித்த உறை மாட்டிக் கட்டிவிடுவார்கள். நாலு மாதமாகியும் இடது கை அசைந்து கொடுக்கவில்லை. வீடே சேர்ந்து செய்தால் பிள்ளைக்கு உற்சாகம் வரும் என்று மேடம் சொன்னதில்தான் மாமாவும் மாட்டிக்கொண்டார்.

“அத்தான், தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருக்கு.”

“மேடமே நிக்கிறாங்க, உனக்கென்ன கேடு?”

அப்போது ஃபோன் அடித்தது. மேடம்தான். அப்பா குழம்பிப்போய்த் திரையைப் பார்த்தார். அங்கே மேடம் வாயே திறக்கவில்லை.

“என்ன சார், உங்க பக்கம் நெட் கட்டாகி அஞ்சு நிமிஷமாச்சு. என்ன பண்றீங்க?”

“நீங்க காட்டின மாதிரியே கையைத் தூக்கிட்டு நிக்கிறோம் மேடம்.”

“ஐயோ, நான் கொசு அடிக்கக் கையைத் தூக்கினேன் சார்!”

மாமா தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி மேலிருந்த மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள்.

“யார் பார்த்த வேலை இது?” அப்பா வீடு அதிரக் கத்தினார்.

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். “நான்தாம்ப்பா. போரடிச்சுது.”

அடிக்காத குறையாகப் பாய்ந்த அப்பா பாதியில் நின்றார். அம்மா மகளின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறை கட்டின கட்டு குலையாமல் அப்படியே இருந்தது.

அப்பா மோடத்தை மறுபடி ஆன் செய்தார். மகள் முன்னால் மண்டி போட்டார்.

“கண்ணு, இன்னொரு தடவை ஆஃப் பண்ணும்மா!”