முக்காட்டுக்குள் ஒரு ராணி

"ராஜா செத்துக் கிடக்கிறார். பட்டத்து ராணி நீ, சந்தைக்கு வந்தவளாட்டம் நிக்கறே! நாளைக்குள்ளே அழுகை வரலேன்னா, வேஷம் மாரப்பனுக்கு!" என்று நாடக வாத்தியார் கத்தினார்.

நடிப்புப் பயில வந்திருந்த செங்கோடனுக்கு அப்போதுகூட அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

மறுநாள் பள்ளிபாளையத்தில் ஒரு பெரிய மனிதர் காலமானார். செய்தி கேட்டதும் செங்கோடன் நாடகக் கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு சேலையை உருவிக் கட்டிக்கொண்டு, முக்காடு போட்டு, இழவு வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் நுழைந்துவிட்டான். அழ வந்தவளை யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்?

உள்ளே ஒரு முக்காட்டுக்காரி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என் ராசாவே!" என்று அவள் இழுத்தாள், அவனும் இழுத்தான். அவள் மாரில் அடித்துக்கொண்டாள், அவனும் அடித்துக்கொண்டான். அவன் உற்சாகத்தில் தரையில் விழுந்து புரண்டதும் அவளும் புரண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ராணி வேஷம் இனி நமக்குத்தான் என்று அவன் மனம் துள்ளியது.

செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"கட்டினவ நானே இத்தனை அழுவலே. நீங்க ரெண்டு பேரும் அவருக்கு யாருங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எங்கிருந்தோ ஒரு விளக்குமாறு அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

முக்காட்டுக்காரி செங்கோடனின் காதில் கிசுகிசுத்தாள்:

"அக்கா, நீங்களே காப்பாத்துங்க! செத்தவரை நான் பார்த்ததே இல்லீங்க. நாளைக்கு நாடகமுங்க. உங்களைப் பார்த்துத்தான் அழுகையே கத்துக்கிட்டேன்!"

குரல் மாரப்பனுடையது.