பிழையான இலக்கம்

நிலாந்தி கையை நீட்டியபோது சறோஜினிதேவியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, என்ர போன் செத்துப்போச்சு. உங்கடையை ஒருக்காத் தாறீங்களே? லோயரோட கதைக்கோணும்."

தயங்கினால், எதிர் வாங்கில் இருக்கிற றஜீவன் ஏன் என்று யோசிப்பான். கொடுத்தாள்.

நெடுந்தீவிலிருந்து வெளிக்கிட்ட படகு பாதிக் கடல் தாண்டியிருந்தது. சோளகக் காற்றில் ஏறி ஏறி விழுந்தது. சறோஜினிதேவி யாழ்ப்பாணத்துக்குக் கண் காட்டப் போகிறாள். நிலாந்தி, விளக்கமறியல் சிறையில் இருக்கிற புருஷன் ஜெயரூபனின் வழக்குக்குப் போகிறாள். துணைக்கு வருகிற றஜீவன் ஜெயரூபனின் தம்பி.

மூன்று கிழமைக்கு முன்னர் ஆட்டுக்குக் குழை முறிக்கப் போன சறோஜினிதேவி, ஆளில்லாத ஒரு வளவில், பனையோலைக் குவியலுக்குக் கீழே கஞ்சா மூட்டைகளைக் கண்டாள். ஜெயரூபன் அவற்றை மூடிவிட்டுப் போனதையும் கண்டாள்.

அந்தப் புகையில் புத்தி பேதலித்துத்தான் அவளுடைய தமக்கையின் மகன் போன வருடம் கிணற்றுக்குள் விழுந்து செத்தான்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பொலிசுக்கு அடித்தாள்.

உங்களுடைய பெயர் வெளியில் வராது அம்மா என்று சிங்களம் கலந்த தமிழில் ஒரு குரல் சொன்னது. அவள் அதை நம்பினாள்.

மறுநாள் ஜெயரூபன் பிடிபட்டான். அதற்கு மறுநாள் றஜீவன் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினான். காட்டிக்கொடுத்தது மீன்பிடிக்கிற அன்ரனிதாஸ்தான் என்று யாரோ ஊதிவிட, பட்டப்பகலில் அவனுடைய வலைகளைக் கடற்கரையில் குவித்துக் கொளுத்தினான்.

ஊரே நின்று பார்த்தது. சறோஜினிதேவியும் நின்று பார்த்தாள். அன்ரனிதாஸின் மனைவி மண்ணை வாரி வாரித் தீயில் எறிந்துகொண்டிருந்தாள். தான்தான் என்று ஒரு சொல் சொல்ல சறோஜினிதேவிக்கு நா எழவில்லை.

காட்டிக்கொடுத்தது அன்ரனிதாஸ் இல்லை என்று பிறகு தெரியவந்தது. இனி வலை எரியாது, வீடுதான் எரியும் என்று றஜீவன் சந்தியில் நின்று சொன்னான்.

நிலாந்தி லோயரின் இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

போன் அவளுடைய கையிலேயே அடித்தது.

சறோஜினிதேவி எட்டிப் பார்த்தாள். பெயர் பதியாத இலக்கம். ஆனால் அதன் கடைசி நாலு எண்களும் அவளுக்கு மனப்பாடம்; அன்றைக்கு அவள் அடித்த பொலிஸ் இலக்கம்.

கையை நீட்டினாள். அதற்குள், லோயருக்கு அழுத்திக்கொண்டிருந்த விரல் அந்த அழைப்பை எடுத்துவிட்டது.

இயந்திரச் சத்தத்தை மீற வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பக்கத்தில் இருந்தவன் கத்தினான். அம்மா, நீங்கள்தானே... மூட்டை... அவ்வளவுதான் சறோஜினிதேவிக்குக் கேட்டது. மற்றதெல்லாம் நிலாந்தியின் காதுக்குள் போனது.

அவள் நிலாந்தியின் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் அசையவில்லை.

படகில் எங்கே ஓடுவது? நாலு பக்கமும் தண்ணீர். வீட்டில் ஆடுகள் கட்டியபடி நிற்கின்றன. கூரை ஓலைக் கூரை.

றஜீவன் முன்னால் சரிந்தான்.

"ஆர் மச்சாள்?"

நிலாந்தி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனுக்குள், "அண்ணை, இது பிழையான நம்பர்," என்று சொல்லித் துண்டித்தாள். றஜீவனைப் பார்த்து, "ஆரோ கடைக்கு எடுக்கிறாங்களாம்," என்றாள்.

அவன் சலித்துக்கொண்டு கடலைப் பார்க்கத் திரும்பினான்.

நிலாந்தி லோயருக்கு எடுக்கவில்லை. பெருவிரலால் எதையோ தேடி, எதையோ அழித்தாள். சேலைத் தலைப்பால் போனைத் துடைத்துச் சறோஜினிதேவியின் மடியில் வைத்தாள்.

கெஞ்சுவதா, மறுப்பதா? சறோஜினிதேவி போனை இறுகப் பிடித்தாள்.

படகு ஒரு பெரிய அலையில் விழுந்து எழுந்தது. அந்த ஆட்டத்தில் சாய்ந்தவள்போல நிலாந்தி அவளுடைய தோளோடு ஒட்டினாள். காதுக்குள் சொன்னாள்:

"அந்தக் குரலை எனக்குத் தெரியும், அக்கா. நான் பொலிசுக்குச் சொன்ன அண்டைக்கும் உவர்தான் போன் எடுத்தவர்."

அதற்குப் பிறகு துறை வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

படகு குறிகட்டுவானில் அணைந்ததும் றஜீவன்தான் முதலில் பாய்ந்து ஏறினான். குனிந்து, நிலாந்திக்குக் கை கொடுத்து ஏற்றினான்.

பிறகு சறோஜினிதேவிக்கும் கையை நீட்டினான்.